பழகின சேறு

பச்சை பெயிண்ட் அரை டின் மிஞ்சியிருந்தது. எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று கஜபதி பின்னால் பல தடவை பெயிண்ட்டின் மேல் பழியைப் போட்டுப் பார்த்தான். பெயிண்ட் ஒத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அம்பத்தூர் எஸ்டேட்டின் கடைசிச் சந்தில் பதினைந்து பேர் வேலை செய்கிற முலாம் பட்டறை. சைக்கிள் ஹேண்டில்பார், ஸ்கூட்டர் பம்பர், ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால் என்று எது வந்தாலும் முகம் பார்க்கிற பளபளப்பில் திருப்பி அனுப்புவது தொழில். கேட்டுக்கு அடித்தது போக மிஞ்சின பெயிண்ட்டை வீணாக்குவானேன் என்று கஜபதி தன் ஆட்சிக்கு உட்பட்ட சகலத்துக்கும் அடித்தான். ஸ்டூலுக்கு அடித்தான், பக்கெட் கைப்பிடிக்கு அடித்தான், மின்விசிறிக் கூண்டுக்கு அடித்தான். அப்படியும் பெயிண்ட் தீராமல், தொட்டிகளிலிருந்து சுவரோரமாக வெளியே வரும் இரண்டு குழாய்களின் வால்வுகளுக்கும் அடித்தான். குரோமியத் தொட்டியின் வால்வு சிவப்பு, சாமான் கழுவுகிற தண்ணீர்த் தொட்டியின் வால்வு நீலம். குழாய்கள் தொட்டிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் எது எதனுடையது என்று நிறத்தை வைத்துத்தான் தெரியும். எழுத்துத் தெரியாதவன்கூடத் தப்புப் பண்ணிவிடக் கூடாதென்று யாரோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ செய்துவைத்த ஏற்பாடு. இப்போது இரண்டும் ஜோடிக் கிளி மாதிரி பச்சைப் பசேலென்று இருந்தன. பட்டறையில் பாலிஷ் போடுகிற சுலைமான்கூட, "அமர்க்களமா கீதுபா" என்று பாராட்டினான். கஜபதியின் நாற்பத்து நான்கு வருஷ வாழ்க்கையில் அவன் கைவேலையை ஒருவர் பாராட்டியது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலை, பூஜைக்கு முன்னால், பெயிண்ட் ஈரமென்று முந்தின சாயங்காலம் இறக்காமல் விட்ட கழுவுத் தொட்டித் தண்ணீரை இறக்கிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிச் சந்தனம் வைக்க வேண்டும். இதுதான் நீலம் என்ற நினைப்பில் குனிந்து ஒரு கிளியின் கழுத்தைத் திருகினான். தண்ணீர் இறங்க நேரம் ஆகும், அதற்குள் பூசணிக்காய் வாங்கி வந்துவிடலாம் என்று முனைக்குப் போனான். பூசணிக்காய்க்காரனிடம் பேரம் பேசினான். வாழைக்கன்று இரண்டு வாங்கினான். டீ குடித்தான். டீக்கடைக்காரரின் மச்சினன் கல்யாணத்தை எந்த மண்டபத்தில் வைக்கலாம் என்பதற்கு, யாரும் கேட்காமலே, யோசனை சொன்னான். திரும்பி வந்தபோது சுலைமான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். கழுவுத் தொட்டி விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. இடுப்பளவு ஆழமுள்ள குரோமியத் தொட்டியின் அடியில் ஒரு சொம்பளவு மிச்சம் இருந்தது, ரத்தக் கலரில்.

முதலாளி மணவாளன் பட்டுச் சட்டையில் வந்து இறங்கினார். தொட்டியைப் பார்த்தார், கஜபதியைப் பார்த்தார், மாலை போட்டிருந்த சாமி படத்தைப் பார்த்தார். நல்ல நாளில் வாய்விட்டுத் திட்டக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "தண்ணிய உட்டு அடிச்சித் தள்ளுங்கய்யா. வாசல்ல மஞ்சளா நிக்கக் கூடாது. பூஜைக்கு நாலு பேர் வருவாங்க."

இரண்டு மணி நேரம் ஹோஸ் பைப்பால் அடித்தார்கள். வாசல் கால்வாய் முதலில் செம்மண் கலரிலும் பிறகு மஞ்சளிலும் ஓடி, கடைசியில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆனது. பூசணிக்காயை உடைத்தார்கள். இரண்டு பச்சை வால்வுகளுக்கும் குங்குமம் வைத்தார்கள். திருஷ்டி கழிந்தது.

அந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று கஜபதிக்குத் தெரியும். எஸ்டேட் சுவரைத் தாண்டி, ரோட்டுக்கு அடியில் நுழைந்து, அவன் அக்கா பஞ்சவர்ணத்தின் கிணற்றை உரசிக்கொண்டு ஏரிக்குப் போகிறது. கிணற்றின் கால்வாய்ப் பக்கத்துச் சுவர் இடிந்து கிடந்தது. கால்வாய் நிரம்பினால் கிணற்றுக்குள் வழியும், நிரம்பாத நாளில் கசியும். அந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் பஞ்சவர்ணத்தின் மாமனாருடையது. எஸ்டேட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சியது இருபது சென்ட்டும் கிணறும். புருஷன் போன பிறகு அதில் அவள் கீரை போட்டு, அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டில் விற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிலம் எடுத்தபோது, "எங்க ஊட்டுப் பையனுக்கு ஒரு வேல குடுங்க" என்று மணவாளனின் அப்பாவிடம் போய் நின்று, தம்பியைப் பட்டறையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். பதினாலு வருஷம் ஆகிறது.

சேர்ந்த மூன்றாம் வருஷம் கஜபதியின் மூக்குக்குள், இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற தடுப்பில், ஓட்டை விழுந்தது. குரோமியத் தொட்டியிலிருந்து எழும்பும் ஆவி செய்கிற வேலை அது. தொட்டியருகே நின்று வேலை செய்கிற எல்லாருக்கும் உண்டு. அப்போதைய மேஸ்திரி, "பழகிடும்டா" என்றார். பழகித்தான் விட்டது. மூச்சை வேகமாக இழுத்தால் மூக்குக்குள்ளிருந்து சன்னமாக ஒரு விசில் வரும். "நான் எங்க போனாலும் குக்கர் மாறி முன்னாடியே தெரிஞ்சிடும்" என்று கஜபதி அதையும் ஒரு ஜோக்காக்கி, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

விஜயதசமியன்று கிணற்றடிக்குப் போனபோது அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. கலங்கல் இல்லை, அழுக்கு இல்லை. கரைத்து ஊற்றின மாதிரி தெளிவான, அழகான மஞ்சள். எதிர்வீட்டு எல்லம்மா கிணற்று மேட்டில் கற்பூரம் ஏற்றி, தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆத்தா எறங்கிட்டாடா! மஞ்சத்தண்ணி ஆடிக்கினு கீறாடா! நவராத்திரில வந்துட்டா பாரு!"

யாரோ வேப்பிலைக் கொத்தைத் தண்ணீரில் போட்டார்கள். ஒரு பெண் சொம்பில் மொண்டு குழந்தையின் தலையில் தெளிக்கப் போனாள். கஜபதி ஓடிப்போய்ச் சொம்பைத் தட்டிவிட்டான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது. வாயைத் திறந்தான். "கொழந்தைக்கு சளி புடிக்கும்மா" என்றான்.

பஞ்சவர்ணம் கூட்டத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி, மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து, வாழை நாரால் கீரையைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தத் தண்ணி எப்பலேந்து இப்டி கீது?"

"கால கழுவிக்கினு வா, துன்னலாம். கெணத்துல கழுவாத, கொடத்துல கீது."

அன்றைக்கும் கீரை மசியல்தான். ஞாயிறானாலும் நல்ல நாளானாலும் அக்கா வீட்டில் அவனுக்கு அது நிச்சயம். இலையில் சோற்றைக் குழி பண்ணி, அதில் மசியலை விட்டு, மேலே நல்லெண்ணெய் ஊற்றுவாள். அவன் அன்று அந்தக் குழியைச் சுற்றியே விரலால் அளைந்துகொண்டிருந்தான். பசி இல்லையா என்றாள். பூஜைப் பொரி அதிகம் தின்றுவிட்டேன் என்றான்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவனிடம் டீசல் பம்ப் இரவல் வாங்கி வந்து கிணற்றை இறைத்தான். தண்ணீரை எங்கே விடுவது? கால்வாயில்தான். அது கொஞ்ச தூரம் போய் ஏரிக்குள் இறங்கியது. அடிச்சேறு தெரிகிற வரைக்கும் இறைத்துவிட்டு, மேட்டில் உட்கார்ந்து ஊற்றுக் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பான். கல்லிடுக்கிலிருந்து தண்ணீர் மெதுவாகக் கசிந்து வரும். மஞ்சளாக வரும். இறைக்க இறைக்க மஞ்சள் கொஞ்சம் வெளிறியதே தவிர விடவில்லை. மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் பம்ப்புக்காரனே, "அண்ணாத்தே, நீ கெணத்த எறைக்கல, பூமிய எறச்சிக்கினு கீற" என்று சொல்லிவிட்டு பம்ப்பைத் தூக்கிப் போய்விட்டான்.

இந்தக் கிணறு எப்போது சரியாகும் என்று கஜபதி போகிற வருகிற இடத்திலெல்லாம் கேட்டான். "மழ வரட்டும்யா, அடிச்சிக்கினு போயிடும்" என்றார் மணவாளன். மழை வந்தது, கால்வாய் இன்னும் நன்றாக நிரம்பிக் கிணற்றுக்குள் வழிந்தது. தண்ணீரைப் பரிசோதிக்கிற ஆபீசில் ஒருவர் மனுவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "புகார் குடுக்கிறது நீங்க, வேல பாக்குறதும் அதே பட்டறைலயா?" என்று சிரித்தார். கட்சிக்காரர் ஒருவர், "பண்ணிடலாம், பண்ணிடலாம்" என்றார். என்ன பண்ணப் போகிறார் என்று கேட்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

மிச்சம் இருந்தது வடிவு.

வடிவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். அப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை, திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருக்கிற குடும்பம். அவள் பட்டணத்தில் ஒரு காலேஜில் கிருமிகளைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பூஜைக்கு நாலு மாதம் முந்தியே, மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, கால்வாயிலும் பஞ்சவர்ணத்தின் கிணற்றிலும் சேறு எடுத்துச் சின்னப் பாட்டில்களில் அடைத்துக்கொண்டு போனாள். அப்போது கஜபதி அவளைக் கேலி பண்ணியிருக்கிறான். "இன்னாம்மா, ஆவடில சேத்துக்குக்கூடவா தட்டுப்பாடு?"

நவம்பரில் அவள் மறுபடி வந்தபோது கேலி பண்ணவில்லை. பின்னாலேயே போய் ஐஸ் பெட்டியைத் தூக்கினான், கயிறு பிடித்தான், கடைசியில் கேட்டான்.

"இந்த சேத்துல இன்னாம்மா தேடற?"

"குரோமியத்துல சாகாத பாக்டீரியா இருக்கான்னு பாக்கேன் அண்ணாச்சி. கிருமி."

"அதுல எதுவும் சாவாம இருக்குமா? தொட்டில கரப்பான் உழுந்தாக்கூட மீச மட்டுந்தான் மிஞ்சும்."

"லட்சம் இருந்தா லட்சமும் செத்துரும். எங்கயோ ஒண்ணு மட்டும், பிறக்கையிலேயே ஏதோ கோளாறோட பிறந்தது, தப்பிச்சுக்கும். மத்ததெல்லாம் செத்த இடத்துல அது பெருகும். அரை மணிக்கு ஒருக்கா ஒண்ணு ரெண்டாகும். அது மட்டுமில்ல, தப்பிக்கிற வித்தைய ஒரு குட்டி வளையமா உள்ள வச்சிருக்கும். பக்கத்துல இருக்கிறதோட ஒட்டி நின்னு, அதுல ஒரு நகல் எடுத்துக் குடுத்துரும். சொந்த ஜாதியா, வேற ஜாதியான்னெல்லாம் பாக்காது."

கஜபதி அசந்துபோனான். "ரேஷன் கடை கியூல முன்னாடி நிக்கிறவன் பேனாவே குடுக்க மாட்டான்மா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவனுக்கு அந்த ஆசை வந்திருக்க வேண்டும். விஷத்தில் வாழ்கிற ஜீவன் விஷத்தைத்தானே தின்னும்? தின்னத் தின்னத் தீரத்தானே வேண்டும்? அன்றைக்கிருந்து அவனுக்குக் கிணற்றுக்குள் ஆள் வேலை செய்கிற மாதிரி ஒரு தெம்பு. கோடிக் கணக்கில், கூலி கேட்காத, கண்ணுக்குத் தெரியாத ஆட்கள். காலையில் பட்டறைக்குப் போகிற வழியில் கிணற்றை எட்டிப் பார்த்து, "இன்னாபா, ஷிஃப்ட் மாறிட்டீங்களா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவான். அக்காவிடமும் சொன்னான். பஞ்சவர்ணம் அப்போதுதான் வானகரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, துணியில் சுற்றின ஒரு கட்டோடு வந்துகொண்டிருந்தாள். துணி விலகின இடத்தில் அரைக்கீரை தெரிந்தது.

"இன்னாக்கா, கீரக்காரியே கீர வாங்கியாறியா?"

"அது வேற கீர" என்று துணியை இழுத்து மூடினாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வடிவு வந்தாள். மோட்டார் ரூம் நிழலில் பஞ்சவர்ணம் வழக்கம்போல் மறுநாள் மார்க்கெட்டுக்குக் கீரை கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூடை பாதி நிறைந்திருந்தது. கஜபதி சாப்பிட்ட கையோடு நாரைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வடிவு ஐஸ் பெட்டியிலிருந்து, மூடி ஒட்டின இரண்டு வட்டக் கண்ணாடித் தட்டுகளை எடுத்துக் கிணற்று மேட்டில் வைத்தாள். உள்ளே ஏதோ உறைந்திருந்தது, லேசான மஞ்சளில்.

"சுலைமான் ஊட்ல ரம்ஜானுக்கு கடப்பாசி காச்சுவாங்க. அதே மாறி கீதே?"

"அதே கடல்பாசிதான் அண்ணாச்சி. அதுல குரோமியம் கலந்து, மேல சேத்துத் தண்ணியத் தடவி வச்சோம். ரெண்டுக்கும் ஒரே அளவு. இது பாரிவாக்கத்துல, பட்டறையே இல்லாத பக்கம், ஒரு வயக்கிணத்துச் சேறு."

அந்தத் தட்டு வெறுமையாக இருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.

"இது உங்க கிணறு."

கஜபதி குனிந்து பார்த்தான். கடுகைக் கொட்டி வைத்த மாதிரி தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளி. ஒன்றோடொன்று ஒட்டி, இடமில்லாமல் ஏறி உட்கார்ந்து, திருவிழாக் கூட்டம். அவனுக்கு மூக்கில் விசில் அடித்தது.

"அடி சக்க! நம்ம ஊர்ப் பசங்கம்மா! அக்கா, இங்க வந்து பாரு. அத்தினியும் துன்னுட்டுப் படுத்துங்கீது!"

வடிவு சிரிக்கவில்லை. "அது தின்னல அண்ணாச்சி" என்றாள். "இதுல நிறைய, உள்ள வந்ததை வெளிய தள்ளுது. அவ்வளவுதான். வரவர வெளிய தள்ளிட்டே இருக்கும். அது பிழைச்சுக்கும். தண்ணி அப்படியேதான் இருக்கும்."

"எல்லாமேவா?"

"கொஞ்சம் உண்டு, அதோட வீரியத்தக் குறைக்கிறது. ஆனா அதுவும் அழிக்காது. சேத்துல போய் உக்காந்துக்கிடும்."

கஜபதி தட்டைக் கையில் எடுத்தான். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். எண்கள் அவனுக்குத் தெரியும். 20-6-93.

"தேதி தப்பா கீதும்மா. இது பூஜைக்கு அப்பறம் எடுத்த சேறுதான?"

"இல்ல. முதல் தடவை வந்தேன்ல, அன்னைக்கு எடுத்தது. ஜூன் மாசம்."

"ஜூன்லயா? அப்ப தண்ணி மஞ்சளாவே இல்லியேம்மா. பூஜையன்னிக்குத்தான..." கஜபதி நிறுத்தினான். பிறகு, இரண்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "நான்தாம்மா தொறந்து உட்டேன். ரெண்டு வால்வுக்கும் பச்ச அடிச்சிட்டேன். அழகா இருக்கட்டுமேன்னு. பூசணிக்கா வாங்கப் பூட்டேன். இந்தக் கெணத்த நான்தான் கெடுத்தேன்."

சொல்லிவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பஞ்சவர்ணம் கட்டை முடிந்து, பல்லால் நாரைக் கடித்து அறுத்துக் கூடையில் வைத்தாள். அடுத்த கட்டுக்குக் கீரையைச் சேர்க்க ஆரம்பித்தாள்.

வடிவு தட்டை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். "நீங்க திறந்ததுக்கு நாலு மாசம் முந்தியே இதுக பழகியாச்சு அண்ணாச்சி. இம்புட்டு நெருக்கமா இருக்கணும்னா ஒரு நாள்ல ஆகிற காரியமில்ல. வருசக்கணக்கா, தினமும் கொஞ்சம் கொஞ்சமா, விடாம வந்திருக்கணும். அன்னைக்கு வந்தது கண்ணுக்குத் தெரிஞ்சது, அவ்வளவுதான்."

முதலில் அவனுக்கு மார்பில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. சிரிக்கக்கூடப் போனான். அதற்குள், தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஹேண்டில்பார்களெல்லாம் கழுவி முடிந்த பிறகு, தான் குனிந்து அந்த நீல வால்வைத் திறக்கிறது நினைவுக்கு வந்தது. சாமான்களில் ஒட்டி வருகிற குரோமியத்தைக் கழுவின தண்ணீர். மஞ்சளா இல்லையா என்று சொல்ல முடியாத வெளிறல். பதினாலு வருஷம், ஞாயிறும் பூஜை நாளும் போக. ஒரே ஒரு நாள்தான் தப்பான வால்வைத் திறந்தான். மற்ற நாளெல்லாம் சரியான வால்வைத்தான் திறந்திருந்தான்.

"செரி, உடு" என்றான். "இனிமே? எப்பம்மா சரியாவும்? சும்மா சொல்லு, நான் ஒண்ணும் அழுதுட மாட்டேன்."

வடிவு மொபெட் சாவியை விரலில் சுற்றினாள். "இன்னும் ஸ்டடி பண்ணணும் அண்ணாச்சி. மூணு நாலு வருசம் பாத்தாத்தான்..."

"ரிப்போர்ட் எழுதுவ இல்ல?"

"எழுதுவேன். இங்கிலீஷ்ல வரும். கிணத்துக்கு ஒரு நம்பர் போட்டிருப்போம்." அவள் முகம் சிவந்திருந்தது. தட்டுகளைப் பெட்டியில் வைத்துக் கட்டினாள். "வாரேன் அக்கா" என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னாள். பஞ்சவர்ணம், பழக்க தோஷத்தில், ஒரு கட்டுக் கீரையை எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டியவள், பாதியில் நிறுத்தி, கட்டைத் திரும்பக் கூடையிலேயே வைத்தாள்.

மொபெட் சத்தம் கால்வாய் ஓரமாகப் போய் ரோட்டில் கரைந்தது. கஜபதி அந்தக் கையைப் பார்த்துவிட்டான். விருந்தாளி வந்தால் ஒரு கட்டுக் கீரையாவது கொடுக்காமல் அனுப்பாத கை அது. குடத்துத் தண்ணீரில் கால் கழுவச் சொன்னது, வானகரம் பஸ்ஸிலிருந்து இறங்கின துணிக் கட்டு என்று ஒவ்வொன்றாக மேலே வந்தது.

"நார எடு" என்றாள் பஞ்சவர்ணம்.

அவன் நாரைக் கையில் எடுத்தான். கொடுக்கவில்லை.

"அக்கா. இந்தத் தண்ணி எப்பலேந்து இப்டி கீது?"

"குட்றா, வெயிலு போவுது."

"நீ சொல்லு."

பஞ்சவர்ணம் கையிலிருந்த கீரையை மடியில் வைத்தாள். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் விரல்களைப் பார்த்தாள். நகத்தைச் சுற்றி, குரோமியம் தின்ற சின்னச் சின்னக் குழிகள். ஒரு நகத்தின் இடுக்கில் இன்னும் கொஞ்சம் பச்சை பெயிண்ட் இருந்தது.

"உன் பொண்ணு பொறந்தாளே, அந்த வருசம். கீரத் தண்டு அடில கருக ஆரம்பிச்சிது. பாத்திக்குப் பாத்தி கருகிச்சி. வெதைய மாத்திப் பாத்தேன், எரு மாத்திப் பாத்தேன். அப்பறம் ஒரு நாளு கால்வாயோட நடந்துகினே போனேன். உன் பட்டறை செவுருல வந்து நின்னுது. எவன்கிட்ட போய் சண்ட போடுவேன்? நான்தான உன்ன அங்க சேத்து உட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒம்போது வருசமா இந்தக் கீரய நான் வாயில வெக்கலடா. உனுக்கும் போடல. நீ துன்னதெல்லாம் வானகரத்துக் கீர."

கஜபதி மூச்சை இழுத்தான், விசில் வந்தது. கூடையைப் பார்த்தான்.

அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள். "இது மார்க்கெட்டுக்கு" என்றாள்.

எழுந்து போய்க் கிணற்றில் ஒரு வாளி மொண்டு வந்தாள். கையால் அள்ளி அள்ளிக் கட்டுகளின் மேல் தெளித்தாள். வாடத் தொடங்கியிருந்த இலைகள் நிமிர்ந்தன. சாய்ந்த வெயிலில் கூடை முழுக்கப் பளபளவென்று, முகம் பார்க்கலாம் போல இருந்தது. பிறகு அவள் உட்கார்ந்து, மடியிலிருந்த கீரையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டினாள்.

கஜபதி நாரைக் கொடுத்தான்.